ஆண்கள் பயத்லான் ஸ்பிரின்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்கால ஒலிம்பிக்ஸ் வரும்போதெல்லாம், பயத்லானை முதல் தடவை பார்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. பெரும்பாலும் ஸ்பிரின்ட் பந்தயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேட்கப்பட்டவை. அதனால் கேட்டபடியே போட்டிருக்கிறேன். அடிப்படை தெரிந்தவர்கள் நேராக நடுப்பகுதிக்குப் போய்விடலாம்.

பயத்லான்னா என்ன? ஸ்பிரின்ட்னு பேர் வெச்சுட்டு 10 கிலோமீட்டர் ஓட விடுறாங்களே?

பனிச்சறுக்கு ஓட்டமும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த போட்டிதான் பயத்லான். ஆண்கள் ஸ்பிரின்ட்டில் மொத்தம் 10 கி.மீ.; அதை மூன்று சுற்றுகளாகப் பிரித்திருப்பார்கள். முதல் சுற்று முடிந்ததும் சுடுதளத்துக்கு வந்து படுத்தபடி 5 தோட்டா. இரண்டாவது சுற்று முடிந்ததும் நின்றபடி 5 தோட்டா. மூன்றாவது சுற்று நேராக முடிவுக்கோட்டுக்கு. நல்ல பனியில் முன்னணி வீரர்கள் 24 நிமிடத்தை ஒட்டி முடித்துவிடுவார்கள்.

10 கி.மீ. குறுகியதா என்றால், பயத்லானுக்குள் குறுகியதுதான். தனிநபர் பந்தயம் 20 கி.மீ., நான்கு முறை சுட வேண்டும். அதோடு ஒப்பிட்டால் இது பாதி தூரம், பாதி தோட்டா. ஆனால் தவறைச் சரிசெய்யக் கிடைக்கும் வாய்ப்பும் பாதிதான். அதனாலேயே எனக்கு இதுதான் பயத்லானில் இரக்கமில்லாத பந்தயம் என்று தோன்றும்.

எல்லாரும் ஒண்ணா கிளம்பாம ஏன் ஒவ்வொருத்தரா போறாங்க?

இது கடிகாரத்தோடு போடும் போட்டி. பொதுவாக 30 விநாடிக்கு ஒருவர் கிளம்புவார். ஒவ்வொருவருக்கும் அவர் கிளம்பிய நேரத்திலிருந்துதான் கணக்கு. பாதையில் ஒருவர் இன்னொருவரை முந்துவதைப் பார்த்து அவர் முன்னிலைக்கு வந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். 30 விநாடி முன்பு கிளம்பியவரைப் பிடித்துவிட்டார், அவ்வளவுதான்.

தொடக்கக் கதவில் ஒரு சின்ன சலுகை உண்டு. குறித்த நேரத்துக்கு 3 விநாடி முன்னாலிருந்து 3 விநாடி பின்னால் வரை கிளம்பலாம். அதைவிட முன்னால் பாய்ந்தால் திரும்ப வந்து மறுபடி தொடங்க வேண்டும். தாமதமாகப் போனால் இழந்த நேரம் அவருடைய கணக்கில்.

அப்போ முதல்ல கோட்டைத் தாண்டினவர் ஜெயிக்கலையா?

பெரும்பாலும் இல்லை. ஒலிம்பிக்ஸில் ஏறக்குறைய 90 பேர் ஓடுவார்கள். 30 விநாடிக்கு ஒருவர் என்றால் கடைசி ஆள் கிளம்பவே முக்கால் மணி நேரம் ஆகிவிடும். முதலாவதாகக் கிளம்பியவர் 24, 25 நிமிடத்தில் ஓட்டத்தையே முடித்துவிட்டு நிற்பார். அப்போது பட்டியலில் கிட்டத்தட்ட பாதிப் பேர் இன்னும் தொடக்கக் கோட்டுக்கே வந்திருக்க மாட்டார்கள். அதுவரை சிறந்த நேரம் எடுத்தவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பெரிய திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதை கேமரா அடிக்கடி காட்டும். பாவம், அவரால் இனி செய்ய ஒன்றுமில்லை.

இலக்கு எவ்வளவு பெருசு? டிவியில எல்லாம் ஒரே மாதிரிதானே தெரியுது?

தூரம் 50 மீட்டர். கண்ணுக்குத் தெரியும் கறுப்பு வட்டம் இரண்டு முறையும் 115 மி.மீ. விட்டம் கொண்டதுதான். ஆனால் படுத்துச் சுடும்போது அந்த வட்டத்தின் நடுவில் 45 மி.மீ. பகுதியில் பட்டால் மட்டுமே கணக்கு. மேசைப் பந்தைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவே. நின்று சுடும்போது 115 மி.மீ. முழுவதும் செல்லும். பட்டதும் கறுப்பு மறைந்து வெள்ளையாகிவிடும்.

படுத்துச் சுடும்போது கறுப்பின் ஓரத்தில் பட்டும் வெள்ளையாகவில்லையே என்று சிலர் குழம்புவது இதனால்தான். அது இலக்கின் பழுது இல்லை, தோட்டா நடுவில் படவில்லை.

ஒரு தோட்டா தவறினா என்ன தண்டனை?

சுடுதளத்தை ஒட்டி 150 மீட்டர் பெனால்டி வளையம் ஒன்று இருக்கும். தவறிய ஒவ்வொரு தோட்டாவுக்கும் அதை ஒரு முறை சுற்றிவிட்டுத்தான் பாதைக்குத் திரும்ப முடியும். நல்ல பனியில் ஒரு சுற்றுக்கு 22 முதல் 25 விநாடி. ஈரப்பனியில் இன்னும் கூடும். தண்டனை நேரம் என்று தனியாக எதையும் கூட்டுவதில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் வளையத்தில் சுற்றிக்கொண்டிருப்பீர்கள்.

இந்த 25 விநாடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இந்த ஒரே எண்ணில் இருக்கிறது.

ரிலேயில கூடுதல் தோட்டா எடுத்துப் போட்டாங்களே, இங்கேயும் போடலாமே?

ரிலேயில் ஒவ்வொரு முறை சுடும்போதும் மூன்று உதிரித் தோட்டா உண்டு. ஸ்பிரின்ட்டில் இல்லை. ஐந்து இலக்கு, ஐந்து தோட்டா, முடிந்தது.

அது என்ன துப்பாக்கி? டெலஸ்கோப் எதுவும் காணோமே?

0.22 அங்குலக் குறுவிட்டத் துப்பாக்கி. குறைந்தது 3.5 கிலோ எடை இருக்க வேண்டும். விசையை இழுக்கக் குறைந்தது 500 கிராம் அழுத்தம் தேவைப்பட வேண்டும். அதைவிட இலேசாக வைத்துக்கொண்டால் விதிமீறல். தானியங்கித் துப்பாக்கி கூடாது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். விரலும் கட்டைவிரலும் மட்டும் அசைய அதை ஒரு நொடிக்குள் முடிப்பதைப் பக்கத்திலிருந்து எடுத்த காட்சிகளில் பார்க்கலாம்.

உருப்பெருக்கும் கண்ணாடிக்கு அனுமதி இல்லை. பின்னால் ஒரு சிறு துளை, முன்னால் ஒரு வளையம். துளை வழியே வளையத்துக்குள் கறுப்பு வட்டம் நடுவாக உட்கார வேண்டும். பனி விழும் நாளில் அந்தத் துளையை அடைத்துக்கொள்ளாமல் இருக்கச் சிறு மூடிகள் உண்டு. சுடும் இடத்துக்கு வந்ததும் அவர்கள் எதையோ தட்டிவிடுவது போலத் தெரிவது அந்த மூடிகளைத்தான். பந்தயம் முழுக்கத் துப்பாக்கி முதுகிலேயே இருக்க வேண்டும், குழல் மேல்நோக்கி.

மூச்சு இப்படி வாங்குது, எப்படிச் சுடுறாங்க?

நிதானமாக ஓய்வெடுத்துச் சுடுவதில்லை என்பதுதான் முதலில் புரிய வேண்டியது. சுடுதளம் நெருங்கும்போது கடைசிச் சில நூறு மீட்டரில் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பார்கள். நாடித் துடிப்பு உச்சத்திலிருந்து இறங்கும், ஆனால் சாதாரண நிலைக்கு அருகில்கூட வராது. முழுதாக இறங்கும்வரை காத்திருந்தால் அதற்குள் பந்தயம் போய்விடும்.

படுத்துச் சுடும்போது கோல்களைக் கீழே வைத்து, பாயில் சாய்ந்து, கையில் கட்டிய வாரில் துப்பாக்கியைக் கொக்கியிட்டு இறுக்கிக்கொள்வார்கள். எலும்பும் வாரும் எடையைத் தாங்கும், தசைக்கு வேலை குறைவு. அப்போதும் ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் குழல்முனை இலேசாகத் துள்ளும். மூச்சை விட்டு, அடுத்த மூச்சு எடுப்பதற்குமுன் கிடைக்கும் சிறு இடைவெளியில் விசையை அழுத்துவார்கள். முதல் தோட்டாவுக்குத் தயாராகப் பத்துப் பதினைந்து விநாடி எடுக்கும். அப்புறம் இரண்டு மூன்று விநாடிக்கு ஒன்று. ஒலியை மட்டும் கேட்டாலே தெரியும்: தாளம் சீராக இருந்தால் நன்றாகப் போகிறது, நான்காவதற்குப் பிறகு நீண்ட மௌனம் வந்தால் அவர் மனதுக்குள் ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம்.

நின்று சுடுவதுதான் கடினம். இடது முழங்கையை இடுப்பில் ஊன்றி, களைத்த கால்கள் மேல் முழு எடையையும் வைத்து நிற்க வேண்டும். இலக்கு பெரிதாக இருந்தும் இங்கேதான் அதிகம் தவறுகிறது. குழல் இலக்கின் மேல் அசைந்துகொண்டே இருக்கும், அதை நிறுத்த முடியாது. அது நடுவைக் கடக்கும் சமயம் பார்த்து விசையை முடிக்க வேண்டும். கடைசித் தோட்டாவைப் பிடித்துவைத்துக்கொண்டு 'இன்னும் கொஞ்சம் நிதானமாகட்டும்' என்று காத்திருப்பவர்களுக்குக் கால் நடுங்க ஆரம்பித்துவிடும். காத்திருக்கத் தொடங்கினால் பெரும்பாலும் தவறும்.

காத்து அடிச்சா என்ன பண்ணுவாங்க? துப்பாக்கியில ஏதோ திருகுறாங்களே?

சுடுதளத்தில் சிறு காற்றுக் கொடிகள் நட்டிருப்பார்கள். பந்தயத்துக்கு முன் அனைவரும் சுட்டுப் பார்த்து, அப்போதைய காற்றுக்கு ஏற்பக் குறிநோக்கியைச் சரிசெய்துகொள்வார்கள். சிக்கல் என்னவென்றால், அரை மணி நேரம் கழித்து அவர்கள் வரும்போது அதே காற்று இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கொடி வேறு மாதிரி ஆடினால் குறிநோக்கியின் திருகை 'கிளிக்' கணக்கில் திருப்புவார்கள். ஒவ்வொரு கிளிக்குக்கும் தோட்டா விழும் இடம் சில மில்லிமீட்டர் நகரும்.

45 மி.மீ. இலக்கில் சில மில்லிமீட்டர் பெரிய விஷயம். இரண்டு தோட்டா ஒரே பக்கமாகத் தவறினால் குற்றவாளி காற்று. ஒன்று இடப்பக்கம், ஒன்று கீழே என்று சிதறினால் சுட்டவர். பயிற்சியாளர் பின்னால் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருப்பதும் இதற்காகத்தான். திருகினால் விநாடிகள் போகும், திருகாவிட்டால் 25 விநாடி போகலாம். அனுபவம் தெரியும் இடம் இதுதான்.

பாதை ஓரமா ஒருத்தர் கத்திக்கிட்டே கூட ஓடுறாரே, யார் அது?

அவரும் பயிற்சியாளர்தான். வீரர் காதில் ரேடியோ எதுவும் கிடையாது. தனியாக ஓடுபவருக்குத் தான் முன்னாலா பின்னாலா என்றே தெரியாது. எனவே பாதையில் ஆங்காங்கே நிற்கும் குழுவினர் தங்களுக்கு வரும் இடைநேரங்களைக் கத்திச் சொல்வார்கள்: 'மூன்றாவது, நான்கு விநாடி பின்னால்' என்கிற மாதிரி. கடைசி ஏற்றத்தில் இந்தத் தகவல் ஒருவரிடமிருந்து இன்னும் இரண்டு விநாடியைப் பிழிந்தெடுக்கும்.

ஒலிம்பிக்ஸ்ல இது எப்போ வந்துச்சு?

உலக சாம்பியன்ஷிப்பில் 1974-இல் மின்ஸ்கில் அறிமுகமாகி, 1980 லேக் பிளாசிடில் ஒலிம்பிக்ஸுக்கு வந்தது. அங்கே முதல் தங்கம் கிழக்கு ஜெர்மனியின் ஃபிராங்க் உல்ரிஹுக்கு. 1974-இல் பெருவிட்டத் துப்பாக்கிதான், 0.22-உம் 50 மீட்டரும் 1970-களின் பிற்பாதியில் வந்தன. பெண்களுக்கான 7.5 கி.மீ. ஸ்பிரின்ட் 1992-இல் சேர்ந்தது.

இந்தப் பந்தயத்தில் ஒரு பெயரைத் தவிர்க்கவே முடியாது: நார்வேயின் ஓலே ஐனார் பியோர்ன்டாலென். 1998, 2002, 2014 என மூன்று ஒலிம்பிக் ஸ்பிரின்ட் தங்கம். மூன்றாவதை வாங்கும்போது வயது 40.

பத்துக்குப் பத்து சுட்டவர் தோத்துட்டார், ஒண்ணு விட்டவர் ஜெயிச்சுட்டார். இது நியாயமா?

நியாயம்தான், இது இரண்டு திறமைகளின் கூட்டுத்தொகை. 2014 சோச்சியில் பியோர்ன்டாலென் ஒரு தோட்டாவைத் தவறவிட்டார். ஆஸ்திரியாவின் டொமினிக் லான்டர்டிங்கர் ஒன்றைக்கூட விடவில்லை. முடிவில் பியோர்ன்டாலென் 1.3 விநாடி முன்னால். மேலே சொன்ன பெனால்டி சுற்றுக் கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். வளையத்தில் இழந்ததையெல்லாம் பாதையிலும் சுடுதளத்து வேகத்திலும் மீட்டு, அதற்கும் மேல் 1.3 விநாடி எடுத்திருக்கிறார்.

2022 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் இன்னும் அதிகம். நார்வேயின் யோஹன்னஸ் திங்னஸ் போ ஒன்றைத் தவறவிட்டும், ஒன்றும் விடாத பிரான்சின் கான்டன் ஃபியோன் மயேவை 25.5 விநாடியில் வென்றார். பெனால்டியையும் கூட்டினால் மற்ற எல்லாவற்றிலும் சேர்த்து ஏறத்தாழ 50 விநாடி வேகம். ஆனால் இப்படிச் செய்யக்கூடியவர்கள் ஒரு தலைமுறைக்கு ஒன்றிரண்டு பேர். மற்றவர்களுக்குப் பதக்கம் வேண்டுமென்றால் பத்தும் பட வேண்டும், அல்லது ஒன்றோடு நிற்க வேண்டும். 2018 பியோங்சாங்கில் பத்தும் அடித்த ஜெர்மனியின் ஆர்ன்ட் பைஃபர் தங்கம் வென்றது அந்த வழியில்தான்.

முன்னாடி கிளம்புறது நல்லதா, பின்னாடி கிளம்புறது நல்லதா?

பின்னால் கிளம்புபவருக்கு ஒரு சாதகம்: எந்த நேரத்தை அடிக்க வேண்டும் என்று தெரியும். முன்னால் கிளம்புபவருக்கு இன்னொன்று: பாதை புதிதாக, கெட்டியாக இருக்கும். நூற்றுக்கணக்கான தடவை சறுக்கியபின் ஏற்றங்களில் பனி மாவு போல உதிர்ந்துவிடும். வானம் தெளிவாக, குளிர் கடுமையாக இருந்தால் இந்த வித்தியாசம் சிறிது. வானிலை மாறும் நாளில்தான் பந்தயமே தலைகீழாகும்.

2010 வான்கூவர் ஒலிம்பிக்ஸில் விஸ்லரில் நடந்ததைத்தான் எல்லோரும் உதாரணம் சொல்வார்கள். பிரான்சின் வன்சான் ஜே முன்வரிசையில் கிளம்பி, பத்தும் அடித்து, 24 நிமிடம் 7.8 விநாடியில் முடித்தார். அப்புறம் மழையும் ஈரப்பனியுமாக வானம் மாறியது, பாதை மெதுவாகிவிட்டது. பின்னால் வந்த பெரிய பெயர்கள் எவ்வளவு முயன்றும் அந்த நேரத்தைத் தொட முடியவில்லை. நார்வேயின் எமில் ஹெக்லே ஸ்வென்ட்சன் 12.2 விநாடி பின்தங்கி வெள்ளி, குரோஷியாவுக்காக ஓடிய யாகோவ் ஃபாக் வெண்கலம். அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அதே நல்ல பாதையில் இன்னும் பலர் ஓடினார்கள். பத்தையும் அடித்து அந்த நேரத்தை எடுத்தவர் ஜே ஒருவர்தான். அடுத்த பந்தயமான பர்சூட்டில் (அதைப் பற்றிக் கீழே) அவருக்கு வெண்கலமும் கிடைத்தது.

1998 நாகானோவில் பனிப்பொழிவும் மூடுபனியும் மிஞ்சிப்போய் ஓடிக்கொண்டிருந்த பந்தயத்தையே நிறுத்திவிட்டார்கள். மறுநாள் முதலிலிருந்து நடந்தது. பியோர்ன்டாலென் ஒரு நிமிடத்துக்கும் மேல் வித்தியாசத்தில் வென்றதால் வாக்குவாதத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

ஒரே மாதிரி ஓடுறவங்களுக்குள்ள இவ்வளவு வித்தியாசம் ஸ்கீயாலயும் வருமா?

வரும். அன்றைய பனியின் ஈரம், வெப்பநிலை எல்லாம் பார்த்து எந்த ஸ்கீ, அதன் அடியில் பூச எந்த மெழுகு என்று தீர்மானிக்கத் தனிக் குழுவே இருக்கும். அது தப்பினால் ஒரு நாட்டின் அத்தனை வீரர்களும் ஒரே பந்தயத்தில் மொத்தமாகப் பின்தங்குவதைப் பார்க்கலாம். 2023–24 பருவத்திலிருந்து ஃபுளோரின் கலந்த மெழுகுக்குத் தடை.

பக்கத்து ஆளோட இலக்கைச் சுட்டுட்டா? பெனால்டி சுற்றை எண்ண மறந்துட்டா?

பக்கத்து இலக்கில் பட்டது உங்களுக்குச் சேராது, தவறியதாகவே கணக்கு. சிரிப்பாக இருக்கும், ஆனால் களைப்பில் பெரிய வீரர்களுக்கும் நடந்திருக்கிறது.

சுற்றை எண்ணுவது வீரரின் பொறுப்பு. ஒன்றைப் போடாமல் போய்விட்டால், விட்ட ஒவ்வொரு சுற்றுக்கும் 2 நிமிடம் நேரத்தில் கூட்டப்படும். 25 விநாடியை மிச்சப்படுத்தப் போய் 120 விநாடி. அன்றைக்கு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தப்பித் தவறி ஒரு சுற்று கூடுதலாகப் போட்டால் யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

ஸ்பிரின்ட்ல பதக்கம் போச்சுன்னா அப்புறம் எதுக்கு அவ்வளவு உயிரைக் கொடுத்து ஓடுறாங்க?

அடுத்து 12.5 கி.மீ. பர்சூட் இருக்கிறது. ஸ்பிரின்ட்டின் முதல் 60 பேருக்குத்தான் அதில் இடம். அதுவும், வென்றவர் முதலில் கிளம்ப, மற்றவர்கள் ஸ்பிரின்ட்டில் எத்தனை விநாடி பின்தங்கினார்களோ அத்தனை விநாடி கழித்துக் கிளம்புவார்கள். ஆக, இங்கே இழக்கும் ஒவ்வொரு விநாடியும் அடுத்த பந்தயத்தின் கடன்.

2018-இல் பிரான்சின் மார்ட்டின் ஃபுர்காட் படுத்துச் சுடுகையில் மூன்று தோட்டாவைத் தவறவிட்டார். மூன்று பெனால்டி சுற்று என்றால் எவ்வளவு என்று இப்போது உங்களுக்கே தெரியும். பலர் அங்கேயே கைவிட்டிருப்பார்கள். அவர் நின்று சுட்டதில் ஐந்தையும் அடித்து, விடாமல் ஓடி 8-ஆவது இடத்துக்கு வந்தார். பைஃபருக்கு 22 விநாடி பின்னால் மட்டுமே. பர்சூட்டில் அந்த 22 விநாடியைக் கடந்து தங்கம் வாங்கிவிட்டார். அதே ஸ்பிரின்ட்டில் யோஹன்னஸ் திங்னஸ் போவுக்கு 31-ஆவது இடம். அவ்வளவு பின்னாலிருந்து பர்சூட்டில் பதக்கத்தை எட்ட முடியவில்லை.

திரையில ஒருத்தர் பேருக்குப் பக்கத்துல பச்சை, சிவப்புன்னு விநாடி மாறிக்கிட்டே இருக்கே, எதை நம்பறது?

அது அந்த இடத்தை அதுவரை கடந்தவர்களில் சிறந்தவரோடு ஒப்பிட்ட வித்தியாசம். இன்னும் சுடவே இல்லாதவர் 10 விநாடி முன்னிலை என்று காட்டினால் அதற்குப் பெரிய மதிப்பு இல்லை. நான் பார்ப்பது ஒரே ஒரு இடத்தை: இரண்டாவது சுடுதலுக்குப் பிறகு, பெனால்டி சுற்றும் முடித்துப் பாதைக்குத் திரும்பும் எண். அங்கிருந்து மீதி ஒரு சுற்றுதான். அதில் முன்னணி வீரர்களுக்குள் வித்தியாசம் பெரும்பாலும் சில விநாடிகள், மிஞ்சினால் பத்துப் பதினைந்து. அதற்குமேல் பின்தங்கியிருந்தால் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

ரெண்டு பேர் ஒரே நேரத்துல முடிச்சா?

நேரம் பத்தில் ஒரு விநாடி வரை அளக்கப்படுகிறது. அதுவும் சமமானால் இருவருக்கும் ஒரே இடம். மறுபடி ஓட விடுவதோ, குறைவாகத் தவறவிட்டவருக்கு முன்னுரிமை தருவதோ கிடையாது. பர்சூட்டுக்கு மட்டும் வித்தியாசங்களை முழு விநாடியாக்கிக்கொள்வார்கள். ஆகவே ஸ்பிரின்ட்டில் 0.2 விநாடியில் பிரிந்த இருவர் பர்சூட்டில் ஒன்றாகவே கிளம்புவதைப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.